காலையில் சிங்கம், மதியம் கடல் குளியல்: சாடானி போகலாமா, யாலவா?

ஹெச்.எஸ்.ஆர். வாசி:

பெங்களூரு மக்களே, ஒரு யோசனை வேண்டும். என் மச்சான் தான்சானியாவில், டார் எஸ் சலாமில் வேலையில் இருக்கிறான். இந்த வருடமாவது வந்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மகளுக்கு அக்டோபரில் தசரா விடுமுறை, அப்போது போகலாம் என்று எண்ணம். நான், மனைவி, ஏழு வயது மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு.

செரெங்கெட்டிக்கு விலை விசாரித்தேன், தொகையைக் கேட்டதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அப்போதுதான் இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் சாடானி தேசியப் பூங்கா என்று ஒன்றைச் சொன்னார். காலையில் ஜீப்பில் போய் சிங்கம், மதியம் தங்குமிடத்து வாசலிலேயே கடல் குளியல், சாயங்காலம் படகில் நீர்யானை, எல்லாம் ஒரே நாளில் என்கிறார். வாட்ஸப்பில் படங்களும் அனுப்பினார். ஒன்றில் நீர்யானை கடல் அலையில் மிதக்கிறது, இன்னொன்றில் சிங்கம் அலையோர மணலில் நடந்து போகிறது. மகள் அந்த நீர்யானைப் படத்தைத் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்மாவோ, கபினியிலேயே யானை பார்த்தாச்சே, அதுக்கு இவ்வளவு தூரமா என்கிறாள். மனைவி பக்கத்திலிருக்கும் இலங்கை யாலவுக்குப் போகலாம், அங்கேயும் காடும் கடலும் சேர்ந்துதானே இருக்கிறது என்கிறாள்.

போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாடானி உண்மையிலேயே அப்படித்தானா? அக்டோபர் சரியான மாதமா?

கடலோடி:

டாரில் வேலை பார்த்த காலத்தில் சாடானிக்குப் பல தடவை போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்கள். அலையில் மிதக்கும் நீர்யானைக்குப் பேர்போனது காபோன் நாட்டின் லோவாங்கோ பூங்கா. அது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, அட்லாண்டிக் பக்கம். கடற்கரைச் சிங்கம் என்றால் பெரும்பாலும் நமீபியாவின் ஸ்கெலிட்டன் கோஸ்ட், பாலைவனமும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம். சாடானி இருப்பதோ கிழக்குக் கரையில், சான்சிபார் தீவுக்கு எதிரே. டிராவல்ஸ்காரர் இணையத்தில் கிடைத்ததை அள்ளி அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். சாடானியில் விலங்குகள் கடற்கரைக்கே வராது என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் மணலில் குளம்புத் தடம் பார்க்கலாம், யானை வந்துபோனதாகவும் சொல்வார்கள். ஆனால் அதை நம்பிக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தான்சானியாவின் நிலத்துப் பூங்காக்களில் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பது சாடானி ஒன்றுதான், அந்தப் பெருமை நிஜம். பரப்பு சுமார் 1,100 சதுர கி.மீ. 1960களிலிருந்து வேட்டைக் கட்டுப்பாட்டுக் காடாக இருந்தது, தேசியப் பூங்கா ஆனது 2005இல்தான். சுற்றிலும் ஊர்கள், பக்கத்திலேயே உப்பளம், மீனவர்கள். செரெங்கெட்டி மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி கிடையாது. புல்வெளி, அப்புறம் முட்புதர், அப்புறம் திட்டுத்திட்டாகக் காடு, கடைசியில் அலையாத்தி. ஒட்டகச்சிவிங்கி, வாட்டர்பக் மான், வார்த்தாக் பன்றி, பபூன் குரங்கு இவையெல்லாம் நிச்சயம். காட்டெருமையும் யானையும் இருக்கின்றன, ஆனால் ஜீப் சத்தம் கேட்டாலே புதருக்குள் போய்விடும். சிங்கம் உங்கள் நேரத்தைப் பொறுத்தது. பண்டிப்பூர் போய் மான் மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் சாடானி உங்களுக்கு ஆகாது.

ஆனால் வாமி ஆறு இருக்கிறதே, அதற்காக மட்டுமே போகலாம். பூங்காவின் தெற்கில் ஓடிக் கடலில் விழுகிற ஆறு. படகுக்காரர் ஒரு வளைவில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். முதலில் பழுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு ஜோடிக் காது மேலே வந்து விடைக்கும், புஸ்ஸென்று மூக்கிலிருந்து தண்ணீர் தெறிக்கும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி, அப்புறம் எண்ண முடியாது. கரைச்சேற்றில் கட்டையென்று நினைத்தது வாலை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் வழுக்கும், முதலை. மேலே மரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட முடியோடு கோலோபஸ் குரங்குகள். முகத்துவாரம் நெருங்க நெருங்க அலையாத்தி வேர்கள் ஆரம்பிக்கும், மீன்கொத்திகள் அதிகமாகும், காற்றில் உப்பு வாடை வந்துவிடும். காடும் கடலும் சேர்ந்திருக்கிறது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது உண்மையாகிற இடம் இந்தப் படகுதான். உங்கள் அம்மாவுக்கும் நடக்க வேண்டிய வேலையில்லை.

கடலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நீலமாக இருக்காது. வாமி கொண்டுவந்து கொட்டுகிற வண்டலால் பழுப்பாகத்தான் இருக்கும். கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும், ஏறும்போது குளிக்கலாம், குழந்தைக்கு ஆழம் பயமில்லை. கண்ணாடி மாதிரி கடல் வேண்டுமென்றால் எதிரே சான்சிபார், அங்கிருந்து சாடானிக்குச் சின்ன விமானமும் வரும். வடக்கே மடேட்டே என்ற கடற்கரையில் பேராமை முட்டையிடுகிறது, நேரம் பொருந்தினால் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கலாம்.

அக்டோபர் நல்ல மாதம்தான். ஜூன் முதல் அக்டோபர் வரை வறட்சிக் காலம், கடைசியில் புல் காய்ந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீரை விட்டு நகராது. மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை, அங்கே தரை நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரி, நனைந்தால் ஜீப் சக்கரத்தை விடாது. நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறையோ சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது. அதனால் தசராவை விட்டால் வேறு தோதான விடுமுறை இல்லை.

மச்சான் அங்கே இருக்கிறான் என்பதால் போங்கள் என்கிறேன், இரண்டு ராத்திரி போதும். சாடானிக்காக மட்டும் பெங்களூரிலிருந்து விமானம் ஏறாதீர்கள்.

பனசங்கரி வாசுகி:

கடலோடி அண்ணா காட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மருந்துப்பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நாங்களும் வயதானவர்களையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தான்சானியா போனோம், ஆனால் வேறு பூங்காவுக்கு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் விளையாடாதீர்கள் தம்பி. மும்பையிலிருந்து டாருக்கு நேர் விமானம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு விலை மலிவு என்று நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போய், நடுவில் ஊருக்குள் இறங்கித் தங்கினால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக உட்கார வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஓடக் கூடாது. அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசி போடுவதற்கு முன் மருத்துவர் யோசிப்பார், அதனால் அம்மாவை வைத்துக்கொண்டு நேர் விமானமே நல்லது. மலேரியா மாத்திரை எல்லோருக்கும் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்து வந்த பிறகும் சில நாள் தொடரணும். பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

துணி எடுத்து வைக்கும்போது கறுப்பும் கருநீலமும் தவிருங்கள். செட்சி ஈ என்று ஒன்று இருக்கிறது, அந்த நிறங்களைத் தேடி வரும், கடித்தால் ஜீன்ஸ் தாண்டி வலிக்கும். நம் வீட்டில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுகிற பழக்கம் உண்டில்லையா, அங்கே 2019லிருந்து பிளாஸ்டிக் பை தடை, துணிப்பையில் வையுங்கள். சான்சிபாருக்கும் போவதாக இருந்தால் தனியாகக் காப்பீடு எடுத்தாக வேண்டும், 2024லிருந்து கட்டாயம்.

சாப்பாட்டுக்கு அம்மா பயப்பட வேண்டாம். டாரில் கிசுட்டு பக்கம் கோயில்களும் குஜராத்திச் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. பூங்காப் பக்கம் சோறு, பீன்ஸ் குழம்பு, சப்பாத்தி, கீரை கிடைக்கும், முன்னாடியே சொல்லி வைத்தால் தனியாகச் செய்து தருவார்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள், மீன் வாசனை வருகிற சமையலறையைப் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு அதுதான் துணை.

பழைய மெட்ராஸ் ரோடு:

எனக்கு ஆப்பிரிக்கா தெரியாது, யால தெரியும். உங்கள் மனைவி சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம், ஏறி உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் இறக்கிவிடுவான். தென்கரை நெடுஞ்சாலையில் மத்தள வரை வழுக்கிக்கொண்டு போய், அப்புறம் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமையில் தங்க வேண்டியது.

யாலவின் சிறப்பு சிறுத்தை. இலங்கையில் புலியும் இல்லை சிங்கமும் இல்லை, அதனால் சிறுத்தைதான் ராஜா, நம் ஊரில் மாதிரி பயந்து மரத்திலேயே கிடக்காமல் பட்டப்பகலில் பாறைமேல் படுத்திருக்கும். பூங்காவைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள், அதில் முதலாம் பிளாக் உலகத்திலேயே நெருக்கமாகச் சிறுத்தைகள் வாழ்கிற இடங்களில் ஒன்று என்று ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்கள். தொல்லையும் அதிலேயேதான். ஒரு ஜீப்காரனுக்குச் சிறுத்தை தெரிந்தால் போன் போட்டு எல்லா ஜீப்பையும் கூப்பிட்டுவிடுவான், சில்க் போர்டு சிக்னல் தோற்றுப்போகும். கரடி பார்க்க வேண்டுமானால் மே, ஜூன், ஜூலை. பாலைப்பழம் பழுக்கிற காலம், கரடி மரமேறித் தின்றுவிட்டுக் கிறங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்.

கடலும் உண்டு. பட்டனங்கல என்ற இடத்தில் ஜீப்பை நிறுத்தி இறங்கவிடுவார்கள், பாறைக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் கடல். குளிக்கவெல்லாம் கூடாது, கடல் முரடு. அங்கே இருந்த விடுதியை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது, தங்கியிருந்தவர்கள் இறந்துபோனார்கள், நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை அது என்ன என்று கேட்கும், பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கான விஷயம் ஒன்று பாக்கி. பூங்காவுக்குக் கொஞ்ச தூரத்திலேயே கதிர்காமம். மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டுத் திரையிட்ட சந்நிதியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆடித் திருவிழாச் சமயத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பாதயாத்திரையாக வருகிறவர்கள் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காட்டுக்குள்தான் நடந்து வருகிறார்கள், அதற்காகச் சில நாட்களுக்குக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். நாம் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு போகிற காட்டில் அவர்கள் வேலும் கையுமாக நடக்கிறார்கள்.

ஹெச்.எஸ்.ஆர். வாசி:

அண்ணன்மாரே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. லோவாங்கோ விஷயத்தை டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன், "அது மாதிரிப் படம் சார்" என்கிறார். மாதிரியாம்!

பழைய மெட்ராஸ் ரோடு எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கதிர்காமம் என்று வந்ததும் முழங்கால் வலி பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் தசராவுக்கு யாலவே போய்விடலாமா? மச்சானை டிசம்பரில் சமாளித்துக்கொள்கிறேன்.

பழைய மெட்ராஸ் ரோடு:

அவசரப்படாதீர்கள் சார். வறட்சி என்பதால் வழக்கமாக செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுவரை முதலாம் பிளாக்கை மூடிவிடுவார்கள், சில வருடம் தேதி முன்பின் ஆகும். தசரா விடுமுறை சரியாக அதில் மாட்டுகிறது. மற்ற பிளாக்கில் விடுவார்கள், ஆனால் சிறுத்தைக்காகப் போகிறவர் அதற்கு ஏன் போக வேண்டும்? யானை போதும் என்றால் உடவளவ பூங்கா வருடம் முழுக்கத் திறந்திருக்கும், கதிர்காமமும் தூரமில்லை. சிறுத்தை வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள் பாருங்கள். உங்கள் ஏப்ரல் மே விடுமுறை இதற்குத்தான் லாயக்கு.

நாகை பாசஞ்சர்:

எல்லோரும் கடல் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். கோடியக்கரை என்று ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? 1967லிருந்து சரணாலயம், 2002லிருந்து ராம்சார் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். பெங்களூரிலிருந்து மயிலாடுதுறை போகிற ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் காவிரிப்படுகை, அங்கிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை.

வெளிமான் பார்த்திருக்கிறீர்களா? கடா கறுப்பு, வயிறு வெள்ளை, திருகுக் கொம்பு. வெட்டவெளியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கொம்பு முதுகைத் தொட நடந்து காட்டும். அதற்குப் பின்னாலேயே மட்டக்குதிரைகள் மேயும், எப்போதோ வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வம்சம், இப்போது முழுக்கக் காட்டுக்குணம். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் உப்பளத்தை ஒட்டிய சதுப்பில் பூநாரை இறங்கும். ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமை கரையேறும். யாலவில் கரடி தின்கிறது என்றாரே, அந்தப் பாலை மரம்தான் கோடியக்காட்டிலும் நிறைந்து நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது, நின்றவை துளிர்த்திருக்கின்றன. வழியில் வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாகிரகம் நடந்த இடம், பிள்ளைக்குச் சரித்திரப் பாடமும் ஆச்சு. அம்மாவுக்கு வேதாரண்யேஸ்வரர். உங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறை சும்மாதானே இருக்கிறது?

எலெக்ட்ரானிக் சிட்டி எலி:

அண்ணே, அங்கே சிங்கமும் இல்லை சிறுத்தையும் இல்லை. குதிரை பார்க்க மைசூர் ரேஸ்கோர்ஸ் போதுமே. ஏழு வயசுப் பிள்ளையிடம் மானைக் காட்டி இதுதான் சஃபாரி என்றால் அழும்.

நாகை பாசஞ்சர்:

அழாது தம்பி. பன்னேருகட்டாவில் கம்பி போட்ட பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, கொட்டாவி விடுகிற சிங்கத்தைப் பார்த்த பிள்ளைக்கு, வேலியில்லாத வெளியில் நூறு மான் ஒரே சமயத்தில் துள்ளுவது வேறு மாதிரி இருக்கும். அழுதால் கோடியக்கரை மீனவர் வீட்டு நண்டுக் குழம்பு இருக்கிறது. ஆமாம், அவர் வீடு சைவம், அப்போ வேதாரண்யத்தில் இட்லி. ஆனால் கடலில் குளிக்க நினைக்காதீர்கள், பாக் நீரிணைப் பக்கம் பூரா சேறு, கால் புதையும்.

ஹெச்.எஸ்.ஆர். வாசி:

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறோம். தசராவுக்கு நாங்கள் மூவரும் டார், மச்சான் வீடு, அங்கிருந்து சாடானி. அம்மா வரவில்லை என்று தானே சொல்லிவிட்டாள், ஊசி, மாத்திரை, ஈ என்று வாசுகி அக்கா எழுதியதைப் படித்த பிறகு. ஏப்ரலில் அம்மாவோடு யாலவும் கதிர்காமமும். கோடியக்கரைக்கு எந்த வாரக்கடைசியில் வேண்டுமானாலும் கிளம்பலாம், நாகை அண்ணன் கோபிக்க வேண்டாம்.

கடலோடி அண்ணா, ஒரே கேள்வி. தங்குவது பூங்காவுக்குள்ளா, வெளியிலா? டிராவல்ஸ்காரர் உள்ளேதான் தங்க வேண்டும் என்கிறார்.

கடலோடி:

வெளியில் தங்குங்கள். நுழைவுக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு, உள்ளே தங்கினால் கடலோரம் சும்மா படுத்திருக்கிற நாளுக்கும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். எல்லையை ஒட்டி வெளியே தங்குமிடங்கள் இருக்கின்றன, பூங்காவுக்குள் போகிற நாளுக்கு மட்டும் கட்டினால் போதும். வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும், நம் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். நடை சஃபாரி என்று ஒன்று சொல்வார்கள், துப்பாக்கிக் காவலரோடு காட்டில் நடப்பது, சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, அதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

டாரிலிருந்து காரில் போனால் நகர நெரிசலைத் தாண்டுவதே பெரும்பாடு, விடியலிலேயே புறப்பட்டு பகாமோயோவில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஜெர்மன்காரன் காலத்துப் பழைய தலைநகரம், செதுக்கு வேலைக் கதவுகள் பார்க்கலாம். படகுக்கு நேரம் குறிப்பதற்கு முன் அன்றைக்குக் கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறுகிற நேரத்தில் பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு, மிச்ச நேரத்தை ஆற்றுக்கும் ஜீப்புக்கும் வைத்துக்கொண்டால் டிராவல்ஸ்காரர் சொன்ன ஒரே நாள் கணக்கு ஓரளவுக்கு நடக்கும், சிங்கத்தைத் தவிர.